'சஜெஸ்ட் மீ' ஏன் தப்பு, 'டெல் மீ' மட்டும் எப்படிச் சரி?

இரவு ஷிஃப்ட்:
ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் ஜெனரல் ட்ரெய்னிங் பிரிவு எழுதப் போகிறேன். கடிதப் பகுதியில், அதாவது 20 நிமிடத்தில் குறைந்தது 150 வார்த்தை எழுதச் சொல்கிறார்களே அதில், "என்ன செய்யலாம் என்று யோசனை சொல்லுங்கள்" என்று அடிக்கடி ஒரு வரி வந்துவிடுகிறது. அதனால் சஜெஸ்ட் இல்லாமல் நகரவே முடியாது. எனக்குச் சொல்லித்தரும் மேடம் "ப்ளீஸ் சஜெஸ்ட் மீ எ குட் ஹோட்டல்", "ஹி சஜெஸ்டெட் மீ டு கோ" இரண்டையும் சிவப்பில் அடிக்கிறார். ஆனால் ஆபீஸ் மெயிலிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். டெல் மீ சரி, கிவ் மீ சரி, அட்வைஸ் மீ சரி, இதற்கு மட்டும் என்ன வந்தது? மனப்பாடம் பண்ணிக்கொள் என்று சொல்லாமல் காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை:
உங்கள் மேடம் அடித்தது சரிதான். சஜெஸ்டுக்குப் பின்னால் ஒட்டி வருவது நாம் எதை முன்வைக்கிறோமோ அது. யாரிடம் சொல்கிறோம் என்பதற்கு அங்கே இடமில்லை. "ஷி சஜெஸ்டெட் மீ ஃபார் த ஜாப்" என்று எழுதிப் பாருங்கள், அது முழுக்கச் சரியான வாக்கியம், ஆனால் பொருள் 'அந்த வேலைக்கு அவர் என் பெயரைச் சொன்னார்' என்பது. ஆக "சஜெஸ்ட் மீ" என்று தொடங்கினாலே ஆங்கிலம் பேசி வளர்ந்தவர் காதில் 'என்னைப் பரிந்துரை செய்' என்று விழுந்துவிடும், அப்புறம் ஹோட்டல் வந்ததும் இடிக்கும். நமக்கு இடிக்காததற்குக் காரணம் தமிழ். எனக்கு, என்னை என்று உருபு பிரித்துக் காட்டிவிடுகிறது, ஆங்கிலத்தில் இரண்டுக்கும் அதே 'மீ' தான்.

கிவ், டெல், ஷோ, செண்ட் எல்லாம் ஆளையும் பொருளையும் அடுத்தடுத்து ஏற்கும். எக்ஸ்பிளெய்ன், டிஸ்க்ரைப், மென்ஷன், அனௌன்ஸ், சஜெஸ்ட் ஏற்காது, ஆளைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் 'டு' போடுங்கள்: "எக்ஸ்பிளெய்ன் இட் டு மீ", "ஹி சஜெஸ்டெட் எ ஹோட்டல் டு மீ". முதல் கூட்டம் ஜெர்மானிய வேர் கொண்ட பழைய சொற்கள், இரண்டாவது கூட்டம் லத்தீனிலிருந்து வந்தவை. இதை இரும்பு விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ப்ராமிஸும் லத்தீன் வழிதான், ஆனாலும் "ஹி ப்ராமிஸ்ட் மீ எ ஜாப்" சரி. இருந்தாலும் புதிதாக ஒரு வினைச்சொல் எதிரே வந்தால் ஊகிக்க உதவும்.

டீக்கடை பெஞ்சு:
எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இந்தியாவில் இத்தனை பேர் "சஜெஸ்ட் மீ" என்று எழுதி, எல்லோருக்கும் புரிந்து, வேலையும் நடக்கிறது. இங்கிலாந்துக்காரர் காதுக்கு எப்படி விழுகிறது என்று நாம் ஏன் பார்க்க வேண்டும்?

கரும்பலகை:
சகோ, குரூப்பில் எழுதுவதை நான் திருத்தப் போவதில்லை. இவர் பரீட்சை எழுதுகிறார். அங்கே இலக்கணத்துக்குத் தனியாக மதிப்பெண் இருக்கிறது, தெரிந்தே அதை ஏன் விட வேண்டும்?

அகராதிப் பூனை:
ஆள் விஷயம் முடிந்தது என்றால் அடுத்த சிக்கல் 'தட்'. "ஹி சஜெஸ்டெட் மீ டு கோ" என்பதற்குப் பதில் "ஹி சஜெஸ்டெட் தட் ஐ கோ". இங்கே ஐ இருக்கும் இடத்தில் ஷி வந்தாலும் கோஸ் ஆகாது: "தி டாக்டர் சஜெஸ்டெட் தட் ஷி ரெஸ்ட்". ரெஸ்ட்ஸ் இல்லை, ரெஸ்டெட் இல்லை, வெறும் ரெஸ்ட். அமெரிக்கர்கள் இப்படித்தான் எழுதுவார்கள், பிரிட்டனில் "ஷுட் ரெஸ்ட்" என்பதும் சகஜம். உங்களுக்கு ஷுட் போடுவதுதான் நல்லது என்பேன், தேர்வு அவசரத்தில் கை தானாக 'எஸ்' சேர்த்துவிடாது.

ஆனால் ஒன்று, இதைப் படித்துவிட்டு எல்லா சஜெஸ்டுக்கும் வெறும் வினையைப் போட்டுவிடாதீர்கள். யோசனை சொல்லாமல், ஒன்றைப் பார்த்தால் இப்படித் தெரிகிறது என்கிற பொருளிலும் இதே சொல் வரும்: "ஹெர் ஃபேஸ் சஜெஸ்டெட் தட் ஷி வாஸ் டயர்ட்". முகம் யாருக்கும் யோசனை சொல்லவில்லை, களைப்பைக் காட்டுகிறது, அதனால் வழக்கமான காலமே வரும், ஷுட் வரவே கூடாது. இதே தேர்வில் அகாடமிக் பிரிவு எழுதுகிறவர்களுக்கு வரைபடத்தை விளக்கும்போது தேவைப்படுவது இந்த இரண்டாவது பொருள்தான். "த ஃபிகர்ஸ் சஜெஸ்ட் தட் சேல்ஸ் ஆர் ஃபாலிங்" என்றால் விற்பனை குறைவதுபோல் தெரிகிறது. அங்கே 'ஆர்' இருக்கும் இடத்தில் 'பி' என்று எழுதினால் தப்பு.

இரவு ஷிஃப்ட்:
என்னை, எனக்கு விளக்கம் படித்ததும் பளிச்சென்று புரிந்தது. இன்னும் இரண்டு சந்தேகம். "அம்மா சஜெஸ்டெட் டேக்கிங் த ட்ரெயின்" சரியா? சரி என்றால் ரயிலில் போவது யார், அம்மாவும் சேர்த்தா? அப்புறம் ஹோட்டல் கேட்கும் அந்த வரியை எப்படித்தான் எழுதுவது?

அகராதிப் பூனை:
சரி. 'டேக்கிங்' என்று போட்டால் யார் போகிறார்கள் என்பதை வாக்கியம் சொல்வதில்லை, முன்பின் வரிகளைப் பார்த்துத்தான் தெரியும். நீங்கள் மட்டும்தான் போகிறீர்கள் என்று தெளிவாகத் தெரியவேண்டும் என்றால் 'தட் ஐ டேக்' என்று எழுதுங்கள். சஜெஸ்டுக்கு அடுத்து நேராக 'டு டேக்' மட்டும் வேண்டாம்.

ஹோட்டலுக்கு "குட் யூ சஜெஸ்ட் எ குட் ஹோட்டல்?" போதும். யாருக்கு என்று சொல்லவே வேண்டாம், கேட்பது நீங்கள்தானே. "குட் யூ சஜெஸ்ட் வேர் டு ஸ்டே?" என்றும் கேட்கலாம், வேர், வாட், ஹவ் போன்றவை நடுவில் இருந்தால் அதற்குப் பின்னால் 'டு' வரலாம். உச்சரிப்பையும் கேட்பீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன், பிரிட்டிஷில் சஜெஸ்ட், அமெரிக்காவில் பெரும்பாலும் நடுவே ஒரு 'க்' ஒலி சேர்த்து சக்ஜெஸ்ட். ஸ்பீக்கிங்கில் எதைச் சொன்னாலும் பிரச்சினை இல்லை.