கலைச்சொல்: ‘பர்சனல் அசிஸ்டென்ட்’ (வீட்டுப் பராமரிப்பில்)

வணக்கம்.

லண்டனில் ஒரு கவுன்சிலுக்காகக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் கவுன்சில் தரும் பணத்தைக் கொண்டு, குளிப்பாட்ட, உடுத்திவிட, வெளியே கூட்டிப்போகத் தாங்களே ஆள் வைத்துக்கொள்ளலாம். அந்த ஆளுக்கு இங்கே ‘பர்சனல் அசிஸ்டென்ட்’ என்று பெயர். ‘நேர்முக உதவியாளர்’ என்றால் தமிழ்நாட்டுக்காரருக்குக் கலெக்டர் ஆபீஸ்தான் ஞாபகம் வரும். ‘பராமரிப்பாளர்’ ஏற்கெனவே செலவாகிவிட்டது: சம்பளமில்லாமல் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கு அதைக் கொடுத்திருக்கிறேன். ‘தனி உதவியாளர்’ என்று போட்டுவிடலாமா?

— — —

> ‘தனி உதவியாளர்’ என்று போட்டுவிடலாமா?

வேண்டாம். ‘உதவி’தான் சிக்கலே. என் பெரியம்மா வீட்டுக்கு மூன்று வருடமாக வருகிற பெண், ஆகஸ்டில் இரண்டு வாரம் ஊருக்குப் போகிறேன், அந்தச் சம்பளம் எப்போது வரும் என்று கேட்டார். “உதவிக்கு வர்ற பிள்ளைக்கு லீவுச் சம்பளமா?” என்று அண்ணன் வாயைப் பிளந்தார். சட்டப்படி ஆண்டுக்கு 5.6 வாரம், சம்பளத்தோடு! 2020 ஏப்ரலிலிருந்து, வேலைக்கு வரும் முதல் நாளே பணி நிபந்தனைகளை எழுத்தில் கொடுத்தாக வேண்டும். சம்பளச் சீட்டு, குறைந்தபட்ச ஊதியம் எல்லாம் உண்டு. வயது 22 ஆகி, ஆண்டுக்கு 10,000 பவுண்டுக்கு மேல் வாங்கினால் ஓய்வூதியத் திட்டத்திலும் சேர்க்க வேண்டும்.

காப்புறுதியைத்தான் (இன்சூரன்ஸ்) யாரும் யோசிப்பதில்லை. பெரியம்மாவைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது அந்தப் பெண்ணுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டால், வழக்கு பெரியம்மா பெயரில் வரலாம். குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கு எடுத்திருக்க வேண்டும். எடுக்காத ஒவ்வொரு நாளுக்கும் 2,500 பவுண்டு வரை அபராதம். இதிலிருந்தெல்லாம் தப்பிக்க, “அவர் சுயதொழில் செய்கிறவர்” என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டாலும் போதாது. எப்போது வர வேண்டும், எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று யார் சொல்கிறார்கள் என்பதையெல்லாம் வரித்துறை பார்க்கும்.

ஆகவே சொல் ‘பணியாளர்’ என்று முடியட்டும். சைவ மடங்களில் குருவின் பக்கத்திலேயே இருந்து எல்லாம் செய்பவர் ‘அணுக்கத் தொண்டர்’. தொண்டைக் கழற்றிவிட்டால் ‘அணுக்கப் பணியாளர்’.

— — —

> ‘அணுக்கப் பணியாளர்’

அழகுதான், ஆனால் அவசரமாகப் படிப்பவர் அணுமின் நிலையத்துக்குப் போய்விடுவார். மெய்க்காப்பாளர் போல ‘மெய்ப்பணியாளர்’?

— — —

> ‘மெய்ப்பணியாளர்’?

அப்போ மற்றவர்கள் பொய்ப்பணியாளர்களா!

— — —

சிரித்துவிட்டேன். பணியாளர் என்ற வாதம் மட்டும் மறுக்க முடியாதது. ‘தனிப் பராமரிப்புப் பணியாளர்’ என்று போடப்போகிறேன், நீளம்தான், பரவாயில்லை. அணுக்கம் என் குறிப்பேட்டில் இருக்கட்டும்.

அப்புறம், ஆள் வைத்துக்கொள்ளும் பெரியம்மாவை என்ன சொல்வது? ‘முதலாளி’ என்று வெட்டிவிட்டேன், கட்டிலில் படுத்திருப்பவர் எந்த ஊர் முதலாளி? இலங்கையில் ‘தொழில்தருநர்’ என்பார்கள். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு அது புரியுமா?