லாங் ஜம்ப்: மணலில் இறங்கும்போது மகள் பின்னால் சாய்கிறாள்

முக்கூடல் அப்பா:
அண்ணாச்சிமாரே, மகள் ஒன்பதாம் வகுப்பு. போன வாரம் அவள் குதிகால் பட்ட இடம் 4.60 மீட்டர். ஆனால் பின்னால் சாய்ந்து கையை ஊன்றிவிட்டாள். கை பட்ட இடத்திலிருந்துதான் அளப்பார்களாம், 4.25 என்று எழுதிவிட்டார்கள். வலது முழங்கால் வேறு வலிக்கிறது என்கிறாள். வேகத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள். அப்படியா?

பாளை ஓட்டக்காரன்:
வேகம் இல்லாமல் தூரம் வராது அண்ணாச்சி. 1991-இல் டோக்கியோவில் மைக் பவல் தாண்டிய 8.95 மீட்டர்தான் இன்றுவரை உலக சாதனை. அவ்வளவும் ஓடி வந்த வேகத்தில் கிடைத்தது.

நாங்குநேரி பி.டி. வாத்தியார்:
முதலில் முழங்கால். வலி போகும்வரை குதிக்க விடாதீர்கள், எலும்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

தம்பி சொன்னது சரிதான். ஆனால் இறங்கத் தெரியாத பிள்ளைக்கு வேகம் கூடினால் அடியும் கூடும். நான் படித்த காலத்தில் மணலைக் கொத்திப் போடாத குழியில், காலை விறைப்பாக வைத்து இறங்கினேன். முழங்கால் உள்பக்கமாகத் திரும்பிவிட்டது. இன்றைக்கும் படியேறினால் இடது கால்தான் முதலில் போகும். அதனால் என் பிள்ளைகளுக்கு இறங்கச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் தாண்டவே விடுவேன்.

வீட்டில் இரண்டு கன்னி ஆடு வளர்க்கிறேன். மதில் மேல் ஏறி வேப்பங்குழையைக் கடித்துவிட்டுக் குதிக்கும். முன்னங்கால் இரண்டும் முதலில் தரையில் படும், தோள் அப்படியே கீழே அமுங்கும், அப்புறம்தான் பின்னங்கால். தோளையும் நெஞ்சையும் இணைக்கும் காறை எலும்பு ஆட்டுக்குக் கிடையாது. முன்னங்காலை உடம்போடு சதைதான் கட்டி வைத்திருக்கிறது, அடியையும் அந்தச் சதையே வாங்கிக்கொள்கிறது. நமக்கு அந்த வேலையைக் கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றும் மடங்கிச் செய்ய வேண்டும். மெதுவாக மடங்க மடங்க அடி குறையும்.

ஒன்று கேட்கிறேன், பிள்ளை ஆற்றில் குதிக்குமா?

முக்கூடல் அப்பா:
ஆமாம் சார், ஞாயிற்றுக்கிழமை தவறாமல். படித்துறை மண்டபத்து மேலிருந்து நின்றபடியே குதிப்பாள்.

நாங்குநேரி பி.டி. வாத்தியார்:
நினைத்தேன். தாமிரபரணிக் கரைப் பிள்ளைகள் பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீருக்குள் காலைச் சேர்த்து விறைத்துக்கொண்டு போனால்தான் வலிக்காது. அந்தப் பழக்கம் மணலிலும் வந்துவிடுகிறது. கால் மடங்காததால் இடுப்பு குதிகாலுக்குப் பின்னாலேயே நின்றுவிடும், உடம்பு சாயும், கை ஊன்றும்.

வலி போன பிறகு ஒரு அடி உயரத் திண்ணையிலிருந்து இறங்கச் சொல்லுங்கள். சத்தமே கேட்கக் கூடாது. நீங்கள் எதிரே உட்கார்ந்து, முழங்கால் இரண்டும் உள்ளே ஒட்டுகிறதா என்று பாருங்கள். குழியில், குதிகால் மணலைக் கீறிய அந்த நொடியே முழங்காலை மடக்கி, கையை முன்னால் வீசி, குதிகால் போட்ட பள்ளத்தைத் தாண்டி இடுப்பு போய் விழ வேண்டும். காற்றில் கால் அடிப்பது உடம்பு முன்னால் கவிழாமல் இருக்கத்தான். அதனால் தூரம் கூடாது, அதில் நாளைப் போக்க வேண்டாம்.

முக்கூடல் அப்பா:
டாக்டர் மூன்று வாரம் ஓய்வு சொல்லி, அதுவும் முடிந்தது சார். நேற்றுத் திண்ணையில் பார்த்தோம். முதல் தடவை தொம்மென்று விழுந்தாள். பத்தாவது தடவை கொலுசுச் சத்தம் மட்டும்தான். நாளைக் காலையில் மண்வெட்டியோடு குழிக்குப் போகிறேன்.