லீட்ஸில் ஒரு சின்ன ஃபேன்சீன் சந்திப்பு: உதவி தேவை

வணக்கம். வரும் ஜனவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், அறிவியல் புனைகதை ஃபேன்சீன் (ரசிகர்களே எழுதி அச்சடிக்கும் சிற்றிதழ்) பிரியர்களுக்காக ஒருநாள் சந்திப்பு நடத்தலாம் என்றிருக்கிறோம். 1937 ஜனவரி 3ஆம் தேதி இதே ஊரில், தியசாபிகல் மண்டபத்தில் ஒரு சிறு கூட்டம் நடந்தது. அறிவியல் புனைகதைக்கென்று நடந்த முதல் மாநாடு அதுதான் என்று பலரும் சொல்வார்கள். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் வந்திருந்தார். அதனால் ஊரை மாற்ற எனக்கு மனமில்லை.

முப்பது பேர் உட்காரும் அறை போதும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், குறைந்த வாடகைக்கு இருந்தால் சொல்லுங்கள்.

முக்கியமாகத் தேவைப்படுவது, ஓடுகிற நிலையில் ஒரு சைக்ளோஸ்டைல் மெஷின். ஸ்டென்சில் வெட்டி, மை ஊற்றி, கைப்பிடியைச் சுற்றி, அன்றைக்கே நாலு பக்க இதழ் ஒன்றை எல்லோரும் சேர்ந்து அடித்துவிட வேண்டும். பேச்சு, விவாதம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஸ்டென்சிலும் அதில் பிழை திருத்தும் திரவமும் இப்போது எங்கே கிடைக்கும்? 1984இல் தொடங்கிய கோர்ஃப்ளூ என்ற ஃபேன்சீன் ரசிகர் மாநாட்டின் பெயரே அந்தத் திரவத்தின் ஆங்கிலப் பெயரான ‘கரெக்‌ஷன் ஃப்ளூயிட்’ என்பதன் சுருக்கம்தான். அங்கே வந்தவர்களின் பெயர்களைத் தொப்பியில் போட்டுக் குலுக்கிச் சிறப்பு விருந்தினரைத் தேர்ந்தெடுப்பார்கள். நாமும் அப்படியே செய்யலாமா?

இன்னொன்று. பழைய இதழ்களில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, தாளின் ஓரம் தொட்டாலே உதிர்கிறது. கிழியாமல் ஸ்கேன் செய்யத் தெரிந்த யாராவது அரை நாள் வந்தால் பெரிய உதவியாக இருக்கும். பயணச் செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.