பகுதி சபைக்கான இணையதளத்தில் ஆதரவு வரம்பு வைக்கலாமா?

கேள்வி

வணக்கம். எங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டத்துக்கு வர இயலாதவர்களும் முன்மொழிவுகளை வைக்க உதவும் இணையதளம் ஒன்றைத் தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து உருவாக்கி வருகிறோம். ஸ்பெயின் தலைநகரான மாட்ரிட்டின் நகராட்சி, மக்கள் முன்மொழிவுகளை வைப்பதற்காக 2015-இல் தொடங்கிய 'டெசிடே மாட்ரிட்' தளத்தின் மென்பொருளான கான்சல் கட்டற்றது (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றிக்கொள்ளலாம்) என்பதால், அதையே எடுத்தாள எண்ணியுள்ளோம். குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆதரவு பெற்ற முன்மொழிவு மட்டுமே அடுத்த கட்டத்துக்குச் செல்லும் என்ற அதன் விதியையும் வைத்துக்கொள்ளலாமா?

மறுமொழி 1

அந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மாட்ரிட்டில் 16 வயது நிறைந்தோரில் 1 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 27,000 பேர் ஆதரித்தால்தான் ஒரு முன்மொழிவு வாக்கெடுப்புக்குச் செல்லும் என்று அப்போது விதி இருந்தது. ஆயிரக்கணக்கில் முன்மொழிவுகள் குவிந்தும், 2017 பிப்ரவரி வாக்கெடுப்பை எட்டியவை இரண்டே: பொதுப் போக்குவரத்து அனைத்துக்கும் ஒரே பயணச்சீட்டு, சூழலுக்கு உகந்த நகரத்துக்கான திட்டம். ஒரே கோரிக்கையைப் பலர் பல விதமாக எழுதும்போது ஆதரவு சிதறிவிடுகிறது. உங்கள் வார்டிலும் 'மழைநீர் வடிகால் வேண்டும்' என்று ஒருவரும், 'எங்கள் தெருவில் தண்ணீர் தேங்குகிறது' என்று இன்னொருவரும் எழுதுவார்கள். இரண்டையும் இணைத்துவைக்க ஆள் வேண்டும்.

மறுமொழி 2

வரம்பே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அதைத் தாண்டினால் என்ன கிடைக்கிறது என்பதே முக்கியம். தைவான் அரசின் 'ஜாயின்' தளத்தில் 60 நாட்களுக்குள் 5,000 பேர் ஆதரித்தால், உரிய துறை எழுத்துமூலம் பதில் தந்தாக வேண்டும். கேட்டது கிடைக்காமல் போகலாம், ஆனால் ஏன் கிடைக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியவரும். வார்டு அளவில் இருபது, முப்பது பேர் ஆதரித்தாலே அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கலாம் என்பது என் கருத்து.

மறுமொழி 3

ஸ்பெயினின் பார்சிலோனா நகராட்சி 2016-இல் தொடங்கிய 'டெசிடிம்' தளத்தையும் பாருங்கள். அதுவும் கட்டற்ற மென்பொருளே. நகராட்சியின் செயல்திட்டத்துக்காக அதில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட முன்மொழிவுகள் பதிவாயின; நேரடிக் கூட்டங்களில் மக்கள் பேசியவையும் அவற்றுள் அடக்கம். ஏற்கப்பட்ட முன்மொழிவு எந்தப் பணியாக மாறியது, அப்பணி எந்த அளவுக்கு முடிந்தது என்பதைக் காட்டும் பகுதியும் அந்த மென்பொருளில் உண்டு. என்னைக் கேட்டால், ஆதரவுப் பொத்தானை விட்டுவிட்டுக்கூட அந்தப் பகுதியைத்தான் முதலில் அமைக்கச் சொல்வேன். திறன்பேசி இல்லாத முதியவர் கூட்டத்தில் எழுந்து சொன்னதைத் தன்னார்வலர் ஒருவர் அங்கேயே பதிவுசெய்து, அதன் எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தால், அவரும் பின்னர் கவுன்சிலரிடம் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்க முடியும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. வாக்கெடுப்பு வரம்பைக் கைவிட்டு, நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பதற்கான சிறிய வரம்பை மட்டும் வைத்துக்கொள்கிறோம். பதில் எழுதும் பொறுப்பை யார் ஏற்பது என்பதை நாங்கள் இன்னும் பேசவே இல்லை; தளத்தைத் திறப்பதற்கு முன் கவுன்சிலரிடமும் வார்டு குழுவினரிடமும் அதைக் கேட்டு முடிவுசெய்கிறோம்.