கோயில் ஒலி மிக்சரின் சிப்பைக் கழற்றிப் பற்றவைக்கத் தெரிந்தவர்கள் உண்டா?

வணக்கம். பாடாங் செராய் பக்கம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் டிஜிட்டல் மிக்சர் மக்கர் செய்கிறது. சூடேறியதும் ஒலி நின்றுவிடுகிறது. சுற்றுப்பலகையின் நடுவிலுள்ள சதுரச் சிப்பை விரலால் அழுத்தினால் உயிர் வருகிறது. விரலை எடுத்தால் போய்விடுகிறது.

இந்தச் சிப்புக்கு ஓரத்தில் கால்கள் இல்லை. அடியில் வரிசை வரிசையாகப் பற்றாசுக் (சோல்டர், உருக்கி ஒட்டும் உலோகம்) குண்டுகள்தான். சிப்பின் உறையும் பலகையும் சூட்டில் ஒரே அளவில் விரிவதில்லை; விரிந்து சுருங்கியே குண்டுகளில் விரிசல் விழும். என் சந்தேகம் அதுதான். ஆனால் உறைக்குள்ளே சிலிக்கன் துண்டை இணைக்கும் முடியைவிட மெல்லிய கம்பி விட்டுப்போயிருந்தாலும் இதே அறிகுறி வருமல்லவா? அப்படியானால் குண்டு மாற்றிப் பயனில்லை. எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைக்காரர் ஒருவர் மேலே சூடான காற்றை ஊதினால் போதும் என்கிறார். எனக்கு ஒப்பவில்லை, தற்காலிகமாக ஒட்டும், திருவிழாக் கூட்டத்தில் கைவிடும். முறையாகக் கழற்றி, பழைய பற்றாசைத் துடைத்து, புதுக் குண்டுகள் வைக்க வேண்டும். ஈயமற்ற பற்றாசு 217 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும், ஈயம் கலந்தது 183-இல். எதை வைக்கலாம்?

1972 முதல் பினாங்கில் சிப்புகளுக்கு உறை போடுகிறார்கள். கூலிம், பாயான் லெப்பாஸ் ஆலைகளில் வேலை செய்யும் அண்ணன், அக்காமார் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். எக்ஸ்ரே பார்க்க வழியுண்டா? கருவி உள்ள நல்ல பழுதுபார்ப்பவர் இருந்தால், தோராயக் கூலியோடு சொல்லுங்கள். ஆடி மாதத்துக்குள் வேண்டும். பலகையின் படம் கேட்டால் அனுப்புகிறேன்.