ஷாக் மாற்றியும் போகாத ‘லொடக்’ சத்தம், எங்கே தேடுவது?

பழைய வண்டிக்காரன்:

வண்டிக்கு 14 வயது, 1,60,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. முன்சக்கர டிரைவ், மேனுவல் கியர். மூன்று மாதமாக முன்பக்கம் இடது சக்கரத்துப் பக்கமிருந்து லொடக் லொடக் என்று ஒரு சத்தம். மெதுவாக, 10 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில், பெயர்ந்துபோன சாலையில் போகும்போதுதான் வருகிறது. வேகமெடுத்தால் கேட்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், பெரிய வேகத்தடையில் ஏறி இறங்கினால் சத்தமே இல்லை, சின்னச் சின்னப் பள்ளத்தில்தான் உயிரை வாங்குகிறது.

ஒரு பட்டறையில் காட்டினேன். ஓட்டிக்கூடப் பார்க்காமல் ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று சொல்லி முன்பக்கம் இரண்டையும் மாற்றினார்கள். இரண்டு நாள் சத்தமில்லை, மூன்றாம் நாள் பழையபடி வந்துவிட்டது. திரும்பப் போனால் ஸ்டீரிங் ராக், அதாவது ஸ்டீரிங்கைத் திருப்பினால் சக்கரங்களைத் திருப்பும் பாகம், மாற்ற வேண்டும் என்கிறார்கள். நானே இடது பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், பக்கவாட்டிலும் ஆட்டினேன், ஆட்டமே இல்லை. ஸ்டெபிலைசர் பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சின்னக் கம்பி இருக்கிறதே, அந்த லிங்க்கையும் பிடித்து ஆட்டினேன், கல்லு மாதிரி நிற்கிறது. இனி எங்கே பார்ப்பது?

மூன்றாவது கியர்:

முதலில் வண்டியைக் காலி செய்யுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, அதன் கைப்பிடி, சீட்டுக்கு அடியில் கிடக்கும் தண்ணீர் பாட்டில், எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். சிரிக்காதீர்கள். நான் ஒரு முறை சஸ்பென்ஷனையே பிரித்துப் போட்டுத் தேடியிருக்கிறேன், கடைசியில் பேட்டரி கிளாம்ப் லூசாக இருந்து பேட்டரி குதித்துக்கொண்டிருந்தது. அப்படியே சக்கர நட்டுகளையும் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். ஷாக் மாற்றியபோது சக்கரத்தைக் கழற்றியிருப்பார்கள் அல்லவா.

கிரீஸ் கை:

ராக் மாற்றக் கையெழுத்துப் போடாதீர்கள், இருங்கள். பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி இருக்கிறது.

வேகத்தடையில் சத்தம் இல்லை, சின்னப் பள்ளத்தில் வருகிறது என்றீர்கள். ஸ்டெபிலைசர் பார் என்பது இடது வலது சக்கரப் பக்கங்களைக் குறுக்கே இணைத்து, வளைவில் வண்டி அதிகம் சாயாமல் பிடிக்கும் கம்பி. இரண்டு பக்கச் சக்கரமும் ஒரே நேரத்தில் மேலே போய்க் கீழே வரும்போது அதற்கு வேலையே இல்லை, தன்னைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்ஷுக்குள் சுழன்றுவிட்டுப் போய்விடும். சின்னப் பள்ளத்தில் ஒரு பக்கம் மட்டும் இறங்கும்போதுதான் பார் முறுக்கப்படும், அந்த விசை முழுக்க லிங்க் வழியாகப் போகும். லிங்க் முனையில் இருக்கும் பந்து மூட்டு தேய்ந்திருந்தால் அங்கேதான் லொடக். ஷாக்கோ, அதை மேலே வண்டியோடு பிடித்திருக்கும் ஸ்ட்ரட் மவுண்ட்டோ போயிருந்தால் வேகத்தடையிலும் டொம்மென்று இடித்திருக்கும்.

நீங்கள் ஆட்டிப் பார்த்தும் லிங்க் அசையாததற்கும் காரணம் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் அந்தச் சக்கரம் தொங்கும், இன்னொன்று தரையில் நிற்கும். பார் முறுக்கேறி லிங்க்கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்த லிங்க்கூட அந்த நிலையில் புதுசு மாதிரித்தான் நிற்கும். இரண்டு சக்கரமும் தரையில் இருக்க வேண்டும், அல்லது இரண்டும் ஒரே அளவு தொங்க வேண்டும். ஷாக் மாற்றி இரண்டு நாள் சத்தம் போனதும் இதோடு பொருந்துகிறது. பல வண்டிகளில் லிங்க்கின் மேல் முனை ஷாக் உடம்பில்தான் மாட்டியிருக்கும், அதைக் கழற்றி மாட்டி இறுக்கியபோது தேய்ந்த இடம் கொஞ்சம் மாறி உட்கார்ந்திருக்கலாம்.

சந்தேகம் தீர ஒரே வழி, இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றிவிட்டு அதே மோசமான சாலையில் மெதுவாக ஓட்டுவது. பார் முனைகள் ஆக்சிலிலோ பிரேக் ஹோஸிலோ உரசாமல் கம்பியால் கட்டிவிடுங்கள். வளைவில் வண்டி அதிகம் சாயும், அதனால் வேகம் வேண்டாம், சோதித்ததும் மாட்டிவிடுங்கள். சத்தம் போய்விட்டால் லிங்க்கோ பார் புஷ்ஷோதான்.

அடியில் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்டு வைத்துவிட்டுப் போங்கள்.

நாலு சக்கரம்:

லிங்க்காக இருக்கலாம், ஆனால் பிரேக்கையும் விட்டுவிடாதீர்கள். பிரேக் பேடை அழுத்தும் கேலிப்பர் நகரும் பின் (pin) தேய்ந்தாலோ, பேடைப் பிடித்திருக்கும் தகடு காணாமல் போயிருந்தாலோ இதே மாதிரி சின்னப் பள்ளத்தில் டக் டக் என்று தட்டும். கண்டுபிடிப்பது சுலபம். சத்தம் வரும் இடத்தில் பிரேக்கை லேசாக மிதித்தபடி போங்கள், சட்டென்று நின்றுவிட்டால் பிரேக் பக்கம் பாருங்கள். எனக்கு இதுதான் நடந்தது, அதற்கு முன் நானும் லிங்க் மாற்றியிருந்தேன்.

திருப்பினால் மட்டும் கட கடவென்று வந்தால் ஆக்சிலின் வெளி ஜாயிண்ட். கிளட்சை விடும்போதும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதும் ஒரு தட்டு வந்தால் என்ஜின் மவுண்ட்டிங். நின்ற இடத்தில் ஸ்டீரிங்கை ஒடித்தால் ஸ்பிரிங் டொய்ங் என்று துள்ளினால் ஸ்ட்ரட் மேல் பேரிங். இதில் எதையும் அவர் சொல்லவில்லை என்பதும் உண்மைதான்.

பழைய வண்டிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. டிக்கியைக் காலி செய்தேன், பேட்டரி, சக்கர நட்டு எல்லாம் சரி, ஒன்றும் மாறவில்லை. பிரேக்கை மிதித்தபடி ஓட்டினேன், சத்தம் அப்படியே இருந்தது. அப்புறம் இன்று காலை கிரீஸ் கை அண்ணன் சொன்னபடி இரண்டு லிங்க்கையும் கழற்றினேன். துரு ஏறி நட்டு சுற்றவே மாட்டேன் என்றது, பின்னால் இருக்கும் பந்தும் சேர்ந்து சுற்றியது, ஆலன் கீயால் நடுவில் பிடித்துக்கொண்டு திருப்ப அரை நாள் போய்விட்டது. இடது லிங்க்கைக் கையில் எடுத்தால் பந்து தன்னால் தொங்குகிறது, ஆட்டினால் லொட லொட. வலது பக்கம் பரவாயில்லை.

கழற்றிவிட்டு ஓட்டியபோது அந்த லொடக் சுத்தமாக இல்லை. ஆனால் அது அடங்கியதும் இன்னொன்று வெளியே வந்திருக்கிறது. பிரேக் போட்டு வண்டி நிற்கும் கடைசி நொடியில் ஒரு மந்தமான டொம். ரிவர்ஸில் கிளம்பும்போதும் ஒரு டொம். இத்தனை நாள் லொடக்குக்குள் ஒளிந்திருந்தது போல.

கிரீஸ் கை:

லிங்க் இரண்டு பக்கமும் புதுசு போட்டுவிடுங்கள், ஒன்றுக்கு வயதானால் மற்றதற்கும் அதே வயதுதான்.

இரண்டாவது சத்தம், சக்கரத்தை அடியில் சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் பின்பக்க ரப்பர் புஷ் என்று நினைக்கிறேன். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னோக்கித் தள்ளப்படும், ரிவர்ஸில் கிளம்பும்போதும் பின்னோக்கியே இழுக்கப்படும், அந்த விசை விட்டதும் திரும்ப முன்னே வரும். ரப்பர் கிழிந்திருந்தால் ஆர்ம் முன்னும் பின்னும் நகர்ந்து இரும்பு இடிக்கும். ஒருவரை உள்ளே உட்காரவைத்து, முதல் கியர், ரிவர்ஸ் என்று மாற்றி மாற்றி வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் பிரேக் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில் தள்ளி நின்று புஷ்ஷைக் கவனியுங்கள், வண்டிக்கு முன்னாலோ அடியிலோ வேண்டாம். பிறகு ஸ்டாண்டில் ஏற்றி, ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவே லிவர் கொடுத்து நெம்பினால் தெரிந்துவிடும்.

நெம்பும்போதே, ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயிண்ட்டையும் பார்த்துவிடுங்கள். லிங்க் போனால் சத்தம்தான், பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். அதில் ஆட்டம் தெரிந்தால் அந்த வண்டியை ஓட்டவே ஓட்டாதீர்கள்.

ரப்பர் புஷ்:

புஷ் மாற்றப்போகிறீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன், பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். சக்கரம் தொங்கும்போது ஆர்ம் போல்ட்டை முழுதாக இறுக்கக் கூடாது. இந்த ரப்பர் சுழலாது, முறுக்கிக்கொள்ளும். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டுக் கீழே இறக்கினால் வண்டி சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழிந்துபோகும். போல்ட்டைக் கையால் மட்டும் போட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு, சொல்லப்பட்ட டார்க்கில், அதாவது சொன்ன இறுக்க அளவுக்கு, இறுக்குங்கள். ஆர்மைக் கழற்றினால் அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டும்.

பழைய வண்டிக்காரன்:

இடது ஆர்மின் பின்பக்க புஷ்தான், ரப்பர் நடுவில் பாதி வட்டத்துக்குக் கிழிந்து கிடந்தது. பால் ஜாயிண்ட் கெட்டியாக இருக்கிறது. லிங்க் இரண்டும் மாற்றியாகிவிட்டது, ஆர்ம் வர வேண்டும். ராக்கைப் பற்றி யாரும் இனி என்னிடம் பேச முடியாது. வலது புஷ்ஷில் கிழிசல் இல்லை, ஆனால் ரப்பர் மேலே மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன. அதையும் மாற்றிவிடவா?

ரப்பர் புஷ்:

14 வயதில் மேலோட்டமான வெடிப்பு இருக்கத்தான் செய்யும், அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். லிவர் கொடுத்து நெம்பும்போது வெடிப்பு வாயைத் திறக்கிறதா, உள்ளே ரப்பர் இரும்புக் குழாயை விட்டு விலகுகிறதா என்று பாருங்கள். விலகினால் மாற்றுங்கள், விலகவில்லை என்றால் அடுத்த முறை சக்கரம் கழற்றும்போது பார்த்துக்கொள்ளலாம். நானாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுவேன், அலைன்மென்ட்டுக்கு இரண்டு தடவை அலைய எனக்குப் பொறுமை கிடையாது.