இரண்டு வார ஸ்பிரிண்டுக்குள் பயனர் ஆய்வு அடங்குமா?

களஆய்வர்:

மென்பொருளைச் சிறு சிறு சுற்றுகளாகக் கட்டும் அஜைல் குழுக்களில் பயனர் அனுபவ ஆய்வு என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி, வரைந்து முடித்த திரைகளை ஐந்தாறு பேரிடம் காட்டிச் சரிபார்ப்பதாகச் சுருங்கிவிட்டது என்பது என் கருத்து. ஒரு பொத்தான் கண்ணில் படுகிறதா என்ற கேள்விக்கு, ஸ்பிரிண்ட் எனப்படும் அந்த இரண்டு வாரச் சுற்றுக்குள் விடை கிடைத்துவிடும். ஆனால் இந்த வசதி யாருக்காவது தேவையா, இப்போது அந்த வேலையை அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு அப்படிக் கிடைப்பதில்லை. மாதக் கணக்கை முடிப்பது போன்ற, மாதத்துக்கு ஒரே முறை நடக்கும் வேலையை இரண்டு வார இடைவெளிக்குள் நேரில் கவனிக்கக்கூட வாய்ப்பு அமையாமல் போகலாம்.

2001-இல் 17 பேர் கையெழுத்திட்ட அஜைல் அறிக்கை, வாடிக்கையாளரோடு இணைந்து பணியாற்றுவதை அதன் நான்கு விழுமியங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. மென்பொருளுக்குப் பணம் கொடுப்பவர் ஒருவராகவும் அதை நாள்தோறும் பயன்படுத்துபவர் வேறொருவராகவும் இருக்கும்போது யாரிடம் கேட்பது என்பதற்கு அதில் வழி சொல்லப்படவில்லை. ஆகவே ஆய்வுக்குத் தனிக் கால அட்டவணையும், வெளியீட்டுத் தேதிக்குக் கட்டுப்படாத தனிப் பொறுப்பும் வேண்டும் என்கிறேன்.

இரட்டைத்தடம்:

நீங்கள் சொல்லும் சுருக்கம் நடந்திருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பழியை அஜைல் மீது போடுவதை ஏற்க முடியாது. ஆட்டோடெஸ்க் நிறுவனத்தில் பணியாற்றிய டெசிரே சை 2007-இல் எழுதிய கட்டுரை இதே சிக்கலைத்தான் எடுத்துக்கொண்டது. அங்கே வடிவமைப்பும் நிரலாக்கமும் இரண்டு இணைத் தடங்களாக ஓடின. நிரலர்கள் நடப்புச் சுற்றின் வேலையைச் செய்துகொண்டிருக்கையில், வடிவமைப்பாளர்கள் அடுத்த சுற்றுக்கான வடிவங்களைச் சோதித்தார்கள், அதற்கும் அடுத்த சுற்றுக்கான களத்தகவலைத் திரட்டினார்கள், முந்தைய சுற்றில் கட்டி முடித்ததையும் பயனர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். களஆய்வு கைவிடப்படவில்லை, சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது, அவ்வளவுதான்.

தனி அட்டவணை கேட்பவர்கள், விரயத்தைக் குறைப்பதை நோக்கமாகக் கொண்ட லீன் சிந்தனையின் அடிப்படையை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். டொயோட்டாவில் தைச்சி ஓனோ பட்டியலிட்ட ஏழு விரயங்களில் தேங்கிக் கிடக்கும் சரக்கும் ஒன்று. மூன்று மாதம் உழைத்து எழுதி, யாரும் திறக்காமல் பகிர்வுக் கோப்புறையில் கிடக்கும் நூறு பக்க அறிக்கை அத்தகைய சரக்கே. அதே டொயோட்டா மரபு, சிக்கல் எழும் இடத்துக்கு நேரில் போய்ப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. பயனர் ஆய்வின் உயிர்நாடியும் அதுவே என்பதால், லீனையும் ஆய்வையும் எதிரெதிரே நிறுத்துவது பொருந்தாது.

வேகத்துக்கும் சான்று உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் ஆய்வாளர்கள் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாட்டின் பயிற்சிப் பகுதியைச் சோதித்தபோது, எல்லாப் பங்கேற்பாளர்களும் முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. குறை தெளிவாகத் தெரிந்தவுடன், சில நேரம் ஒரே ஒருவரைப் பார்த்த பிறகே திருத்தினார்கள். திருத்தியதை அடுத்தவரிடம் மீண்டும் சோதித்தார்கள். 2002-இல் அவர்கள் வெளியிட்ட அந்த முறை இன்றும் நடைமுறையில் உள்ளது.

பின்புலநிரலர்:

இருவரும் ஆய்வாளரின் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். வடிவமைப்புத் தடம் ஒரு சுற்று முன்னால் ஓடினால், என் கைக்கு வருவது ஏற்கெனவே முடிவான ஒரு திரைதான். ஒரு கட்டம் முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும் பழைய வாட்டர்ஃபால் முறையின் சிறிய வடிவம் அது. பயனர் தடுமாறியதை நான் பார்த்திருந்தால் பாதி விவாதம் தேவைப்பட்டிருக்காது. குழுவிலுள்ள ஒவ்வொருவரும் ஆறு வாரத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் பயனர்களை நேரடியாகக் கவனிக்க வேண்டும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேரட் ஸ்பூல் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். நான் அறிந்த குழுக்களில் அந்த இரண்டு மணி நேரத்தை ஸ்பிரிண்ட் திட்டமிடலில் கணக்கில் எடுத்துக்கொண்டவர்கள் அரிது.

களஆய்வர்:

பின்புலநிரலர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அது என் வாதத்துக்கும் வலு சேர்க்கிறது.

இரட்டைத்தடம் காட்டிய விளையாட்டுச் சான்றில், என்ன கட்டுவது என்பது முன்பே முடிவாகியிருந்தது. பயிற்சிப் பகுதி வேண்டுமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அது புரிகிறதா என்று மட்டுமே கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு அந்த முறை மிகப் பொருத்தம். அதைக் கொண்டு எல்லா ஆய்வையும் இரண்டு வாரத்துக்குள் திணிக்கலாம் என்பது தாவல்.

ஐந்து பேர் போதும் என்ற நம்பிக்கையையும் இங்கே சற்று உரசிப் பார்க்கலாம். பயன்பாட்டு ஆய்வாளர்களான நீல்சனும் லாண்டாவரும் 1993-இல் முன்வைத்த கணக்கின்படி, ஒரு பங்கேற்பாளர் சராசரியாக 31 விழுக்காடு குறைகளை வெளிக்கொணர்ந்தால், ஐந்து பேர் ஏறத்தாழ 85 விழுக்காட்டை வெளிக்கொணர்வர். லாரா ஃபாக்னர் 2003-இல் 60 பேரைச் சோதித்து, அவர்களிலிருந்து ஐந்து ஐந்து பேராகத் தற்செயலாகப் பொறுக்கிப் பார்த்தபோது, சில குழுக்கள் 99 விழுக்காடு குறைகளைக் கண்டன. சில 55 விழுக்காட்டோடு நின்றன. உங்கள் ஸ்பிரிண்டில் அமைந்த ஐவர் எந்த வகை என்பது உங்களுக்குத் தெரியாது. இது பயன்பாட்டுக் குறைகளைப் பற்றிய கணக்கு மட்டுமே. தேவையைப் பற்றிய கேள்விகளுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது என்பதை வசதியாக மறந்துவிடுகிறோம்.

இரட்டைத்தடம்:

ஃபாக்னரின் முடிவு ஒரே ஒரு சுற்றோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கான எச்சரிக்கை. 15 பேரை ஒரே மூச்சில் சோதிப்பதைவிட, ஐந்து பேராக மூன்று முறை, இடையிடையே திருத்தங்களோடு சோதிப்பது நல்லது என்று நீல்சனே எழுதியிருக்கிறார். ஸ்பிரிண்டுகள் அந்த மூன்று முறைகளைத் தாமாகவே அமைத்துக் கொடுக்கின்றன.

மற்றொன்று: அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரமின் வழிகாட்டி, ஸ்பிரிண்ட் ஒரு மாதத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் அதற்குள் விடை வந்துவிட வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை. பங்கேற்பாளர்கள் ஆறு வாரம் நாட்குறிப்பு எழுதும் ஆய்வைத் தொடங்கி, வாராவாரம் கிடைப்பதைக் குழுவின் முன் வைத்துக்கொண்டே போகலாம். உங்கள் மாதக் கணக்குப் பயனரையும் அப்படியே கவனிக்கலாம்.

பேக்லாக்பொறுப்பாளர்:

கால அளவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் வேறொன்று கேட்க விரும்புகிறேன். ஆய்வின் முடிவால், செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலான பேக்லாக்கிலிருந்து ஓர் உருப்படியாவது நீக்கப்பட்டதை எத்தனை முறை கண்டிருக்கிறீர்கள்? சேர்க்கப்பட்டதை நான் நிறையவே கண்டிருக்கிறேன். திருத்தம் சொல்லும் ஆய்வை எல்லாரும் வரவேற்கிறார்கள். கைவிடச் சொல்லும் ஆய்வு வந்தால் மட்டும், பங்கேற்றவர்கள் போதாது, முறை சரியில்லை என்ற ஐயங்கள் திடீரென்று முளைக்கின்றன. இந்த நிலை மாறாதவரை, ஆய்வு இரண்டு வாரத்தில் முடிந்தாலும் இரண்டு மாதத்தில் முடிந்தாலும் விளைவு ஒன்றே.

ஆய்வு தொடங்கும் முன்பே, என்ன தெரியவந்தால் இந்த உருப்படியைக் கைவிடுவோம் என்பதைக் குழு எழுத்தில் வைக்க வேண்டும் என்பது என் முன்மொழிவு. கட்டி, அளந்து, கற்கும் லீன் ஸ்டார்ட்அப் சுழற்சியில் கருதுகோளைச் சோதிப்பது என்று பேசுகிறோமே, அதைச் சொல்லளவில் நிறுத்தாமல் கையெழுத்தாக்கும் வழி இது.

களஆய்வர்:

கேள்வி சரியானது, முன்மொழிவில் ஓர் ஆபத்து இருக்கிறது. களத்துக்குப் போகும்போது எதைத் தேடுகிறோம் என்றே தெரியாத ஆய்வுகள் உண்டு. எதிர்பாராத ஒன்றைக் காண்பதே அவற்றின் பயன். கைவிடும் நிபந்தனையை முன்கூட்டியே எழுதச் சொன்னால், நிபந்தனையாக எழுத வருகிற ஆய்வுகளுக்கு மட்டுமே அனுமதி கிடைக்கும்.

பேக்லாக்பொறுப்பாளர்:

அத்தகைய ஆய்வுகளுக்கு நிபந்தனை கேட்கவில்லை. ஏற்கெனவே நிரலர்களின் நேரம் ஒதுக்கப்பட்டுவிட்ட உருப்படிகளுக்கு மட்டும் கேட்கிறேன். தேடல் ஆய்வுக்குத் தனி அட்டவணை வேண்டுமென்றால், முதல் பதிவில் நீங்கள் கேட்டதை அந்த அளவுக்குத் தர நான் உடன்படுகிறேன். அதன் கண்டறிதல்களை யார், எந்த ஸ்பிரிண்ட் திட்டமிடலில் முன்வைப்பார்கள் என்பதை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பின்புலநிரலர்:

அந்தத் தேடலுக்கு நிரலர்களையும் அழைத்துப் போவீர்களா என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.